எஸ்ஏடி திரும்பி வந்தபோது: ஒரு கலிஃபோர்னியா பள்ளிக் கவுன்சிலரின் அனுபவம்

சான் ஹோசே பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். யார் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழிகாட்டுவதும், பள்ளி சார்பில் கடிதம் எழுதுவதும் என் வேலை. கோவிடுக்குப் பிறகு சில வருடங்கள், கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் எஸ்ஏடி தேர்வு பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் மதிப்பெண் அனுப்புவதை மாணவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டன. பெர்க்லி, யுசிஎல்ஏ எல்லாம் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ 2021 முதல், அனுப்பினாலும் பார்ப்பதில்லை.

2024இல் கதை மாறியது. எம்ஐடி 2022லேயே எஸ்ஏடியைக் கட்டாயமாக்கியிருந்தது. இப்போது பிப்ரவரியில் டார்ட்மத், யேல், அப்புறம் பிரௌன், ஏப்ரலில் ஹார்வர்ட், கால்டெக், கார்னெல் என்று வரிசையாக அறிவிப்பு. அந்த மார்ச்சில்தான் அமெரிக்காவில் தேர்வும் காகிதத்திலிருந்து கணினிக்குப் போனது. மூன்று மணி நேரத் தேர்வு 2 மணி 14 நிமிடமாகச் சுருங்கியது. முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்து இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். "பெரியவனுக்கு வேண்டாம்னு சொன்னீங்க மேடம், சின்னவளுக்கு வேணும்ங்கிறீங்களே?" என்று ஒரு தமிழ் அப்பா கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

அந்த செப்டம்பர் கடைசியில் கல்லூரி அனுமதி ஆலோசகர்களின் தேசியச் சங்கமான நாக்காக்கின் வருடாந்திர மாநாடு லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. பதிவுக் கட்டணத்தைப் பள்ளி கொடுத்தது. மற்றதெல்லாம் என் கைக்காசு. தங்கியது தோழி வீட்டில். தேர்வு பற்றிய அமர்வுகளில் உட்கார இடமில்லை, தரையில்கூட ஆட்கள். மேடையில் பேசியதில் பாதி ஏற்கெனவே படித்ததுதான். எனக்கு உண்மையில் உதவியது கண்காட்சி அரங்கம். இலவசப் பேனாக் கூட்டம் கலைந்த பிறகு, கல்லூரிப் பிரதிநிதிகளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்: "எங்கள் பள்ளியிலிருந்து எஸ்ஏடியில் 1600க்கு 1420 வந்தால் அதை எப்படிப் படிப்பீர்கள்?"

ஏறக்குறைய எல்லோரும் பதிலுக்கு ஒன்றைக் கேட்டார்கள்: "உங்கள் பள்ளியில் வழக்கமாக எவ்வளவு வரும்?" அதாவது, மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை, அந்தப் பள்ளியின் நிலையோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள். டார்ட்மத் தன் ஆய்வைக் காட்டிச் சொன்னதும் இதையேதான். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணைக் குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, விண்ணப்பத்தோடு பள்ளி அனுப்பும் அறிமுகத் தாளை மாற்றி எழுதினேன். இதில் ஒரு சிக்கல். எங்கள் பள்ளியில் எஸ்ஏடி எழுதுகிறவர்களே கொஞ்சம் பேர், அவர்களும் பெரும்பாலும் கோச்சிங் போகிறவர்கள். வெறும் சராசரியைப் போட்டால் 1420 வாங்கிய பிள்ளை மட்டமாகத் தெரிவாள். அதனால் மேல் கால்வாசியும் கீழ்க் கால்வாசியும் போக நடுப்பாதி மாணவர்கள் எந்த மதிப்பெண்ணிலிருந்து எதுவரை வாங்கினார்கள் என்பதோடு, வகுப்பில் எத்தனை சதவீதம் பேர் எழுதினார்கள், ஏன் மற்றவர்கள் எழுதவில்லை என்றும் சேர்த்தேன். மாநாட்டுக்குப் போன செலவு இந்த நாலு வரிக்கே தகும்.

பெற்றோருக்காக ஓர் அட்டவணையும் போட்டேன்: கட்டாயம், விருப்பம், பார்க்கவே மாட்டார்கள். யேலுக்குத் தனி வரிசை; அங்கே எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வுக்குப் பதில், பாடவாரியாக எழுதும் ஏபி, ஐபி தேர்வு மதிப்பெண்களும் செல்லும். ஜார்ஜ்டவுனுக்கு எழுதிய எல்லா முறையின் மதிப்பெண்ணையும் அனுப்ப வேண்டும். "நாலு தடவை எழுதிப் பார்க்கலாமே" என்கிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

பெரிய தலைவலி தேர்வு எழுத இடம் கிடைப்பது. மாநிலப் பல்கலைக்கழகமே பார்க்காத தேர்வுக்குச் சனிக்கிழமை ஆள் போட்டு வகுப்பறை திறக்க இங்கே பல பள்ளிகளுக்கு மனமில்லை. பதிவு திறந்த வேகத்தில் பக்கத்து மையங்கள் நிரம்பிவிடும். காசிருப்பவர்கள் பக்கத்து நெவாடா மாநிலத்தில் ரீனோவுக்கோ லாஸ் வேகஸுக்கோ போய் எழுதிவிட்டு வருகிறார்கள். கட்டண விலக்கில் எழுதும் பிள்ளை எங்கே போகும்? தேர்வு எழுத வழியே இல்லாதவர்களிடம் ஏபி, ஐபி போன்றவற்றை ஏற்பதாக ஹார்வர்ட் சொல்கிறது, ஆனால் அது விதிவிலக்குத்தான். எங்கள் நிர்வாகத்திடம் வைஃபை, மேற்பார்வையாளர், பூட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாகப் பேசி, வசந்தத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைக்குச் சம்மதம் வாங்கினேன். அதுவும் சீக்கிரமே நிரம்பிவிட்டது.

அட்டவணையைத் திருத்தும் வேலை மட்டும் ஓயவில்லை. 2025இல் ஏசிடி தேர்வும் சுருங்கியது. அறிவியல் பகுதி விருப்பப்பட்டால் எழுதலாம் என்றாகிவிட்டது. அக்டோபரில் பிரின்ஸ்டனை, 2027-28 சேர்க்கைச் சுற்றிலிருந்து என்று குறித்து, கட்டாய வரிசைக்கு மாற்றினேன். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பழைய பெயர்பெற்ற கல்லூரிகளில் விருப்ப வரிசையில் மிஞ்சியது கொலம்பியா மட்டும்தான்.