திறக்காத கோப்புகள்

போன மாதம் ஒரு பழைய மாணவி, தன் இறுதியாண்டுப் படைப்பின் பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கோப்பு இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்தது.

கலைத்துறையில் டிஜிட்டல் தலைமை என்று பேச்செடுத்தாலே புது ஆய்வகம், பெரிய திரை, விஆர் (மெய்நிகர்) கருவி என்று போய்விடுகிறார்கள். எனக்கு இந்தக் கோப்புதான் கண்முன் வருகிறது. இந்தக் கோப்புகளை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயரை நிறுத்தப்போவதாக 2017-லேயே அறிவிப்பு வந்துவிட்டது, 2020 டிசம்பர் 31-ல் ஆதரவு முடிந்தது, நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தும் மாணவர் படைப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றுவது யார் பொறுப்பு என்று எங்கள் துறையில் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். துறை ஐடி பிரிவைப் பார்த்தது, ஐடி பிரிவு துறையைப் பார்த்தது. அப்புறம், ஃபிளாஷ் பிளேயர் இல்லாமலே அந்தக் கோப்புகளை ஓட்ட முயலும் ரஃபிள் என்ற எமுலேட்டரில் போட்டுப் பார்த்தோம், சில ஓடின, சில பாதியில் நின்றன.

மென்பொருள் தேர்வும் இதே கதைதான். 2013-ல் ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனம் தன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மாற்றியது. வளாக உரிமத்தில் நான்கு வருடம் கற்றவர், படிப்பு முடிந்ததும் சொந்தக் காசில் சந்தா கட்டினால்தான் தன் கோப்பையே திருத்த முடியும். இந்த முடிவைக் கொள்முதல் குழு மட்டும் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஸ்டுடியோவில் தினமும் நிற்கிற ஒருவர் அந்த மேசையில் இருந்தே ஆக வேண்டும்.

வேறு வழி இல்லாமலா இருக்கிறது? 2001-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் கேசி ரீஸ், பென் ஃப்ரை என்ற இரண்டு மாணவர்கள், கலைஞர்கள் நிரல் கற்கட்டும் என்று பிராசஸிங் என்ற நிரல் எழுதும் மென்பொருளைத் தொடங்கினார்கள், இன்றும் அது இலவசம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை 2002-ல் பயனர்களே ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றக்கூடிய திறந்த மூலமாக்கினார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் வணிக மென்பொருள்தான் கேட்பார்கள் என்பது உண்மை, அதையும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதலாண்டு அடித்தளம், மாணவர் தன்னோடு எடுத்துப்போகக்கூடிய கருவியில் இருக்கட்டும்.

இந்த ஆண்டு முதல் இறுதிப் படைப்போடு மூன்று கேட்கிறேன்: மூலக்கோப்பு, படைப்பு ஓடும்போது எடுத்த வீடியோ, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று எழுதிய ஒரு பக்கம். அந்த மாணவியின் கோப்பை இன்னும் விடவில்லை, ஒரு பழைய கணினியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.