கல்யாணம் செய்தால் எவ்வளவு குறையும்?

பிப்ரவரி பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் வடக்குப் பகுதியில் ஒரு நூலகத்தின் பின்னறையில், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக்கணக்கு போட்டுக் கொடுக்கிறோம். சாத்தூரில் இருந்தபோது படித்த பி.காம். இங்கே இப்படிக் கைகொடுக்கிறது. எட்டு வருடமாகப் போகிறேன்.

2025 மார்ச்சில் ஒரு குடும்பம் வந்தது. அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண் முதியோர் இல்லத்தில் உதவியாளர். கூட வந்தவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒன்பது வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். மகள் முந்தைய உறவில் பிறந்தவள், பையன் இவர்கள் இருவருக்கும் பிறந்தவன். நான் அந்தம்மாவின் தாள்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட வந்தவர் அந்த மகளின் பின்னலில் இருந்து கழன்ற பாசிகளை மறுபடி கோத்துக்கொண்டிருந்தார். தடித்த விரல்கள். ஒரு பாசி இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் குனிந்து தேடி எடுத்தார்.

முடிக்கப் போகும் நேரத்தில் கேட்டார்: “நாங்கள் கல்யாணம் செய்துகொண்டால் இதில் எவ்வளவு குறையும்?”

குறையும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இங்கே ஈ.ஐ.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஏழைகளுக்கு, முக்கியமாகப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, வரிக்கணக்கு வழியாக அரசாங்கம் கையில் தரும் பணம். 1975இல் வந்தது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பணத்தில் காருக்கு டயர் மாற்றுகிறவர்களையும், நிலுவையில் இருக்கும் கரண்ட் பில்லைக் கட்டுகிறவர்களையும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கணக்கு புரிவதற்காக இருவருக்கும் வருடத்துக்கு 24,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 வருமானத்துக்கான விதிப்படி, கல்யாணம் ஆகாதவரை அந்தம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளுக்காகக் கிடைப்பது சுமார் 6,690 டாலர். கல்யாணம் ஆகி இருவர் சம்பளத்தையும் சேர்த்து 48,000 என்று காட்டினால் அது 3,090 ஆகிவிடும். மற்ற வரிகளையும் சேர்த்தால் இழப்பு 3,700ஐத் தாண்டும். அவர்களில் ஒருவருடைய இரண்டு மாதச் சம்பளம், ஏறக்குறைய.

இரண்டு கணக்கையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை.

இதை எழுதக் காரணம், அந்த வருடப் பொங்கல் விழாவில் கேட்ட ஒரு பேச்சு. புறநகரில் ஒரு வாடகை ஹாலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வடக்குப் பக்கம் போகிறேன் என்றதும் ஒரு தங்கச்சி, “அங்கெல்லாம் ஏன்க்கா தனியா போறீங்க?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அண்ணன், “அவங்களுக்குக் குடும்பம்னு ஒண்ணே கிடையாதும்மா. அப்பன் யாருன்னு தெரியாம வளர்ற பிள்ளைங்க. நம்ம கலாசாரம் மாதிரி வருமா?” என்றார். நல்ல மனிதர். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் எங்களோடு வேலை செய்யும் ஒரு பெரியவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைப்பது அவர் வேலை. அவர் வளர்ந்தது ப்ரூயிட்-ஐகோவில்.

பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1950களின் நடுவில் அரசு கட்டிய 33 அடுக்குமாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடுகள். வரைந்தவர் மினோரு யமசாகி, பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வரைந்த அதே ஆள். ப்ரூயிட் பகுதி கறுப்பினத்தவருக்கு, ஐகோ பகுதி வெள்ளையருக்கு என்றுதான் முதலில் திட்டம். நீதிமன்றம் அப்படிப் பிரிக்கக் கூடாது என்றதும் வெள்ளையர்கள் சீக்கிரமே காலி செய்துவிட்டார்கள். அவர்களுக்குப் புறநகரில் அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்துக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. 1959இல் மில் க்ரீக் வேலி என்ற பகுதியையே இடித்துத் தள்ளினார்கள். சுமார் 20,000 பேர், ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் வந்து சேர்ந்தது இந்தக் கட்டடங்களுக்குத்தான்.

பெரியவரின் வீடு எட்டாவது மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, நான்கு, ஏழு, பத்து, அவ்வளவுதான். ஏழில் இறங்கி ஒரு மாடி ஏற வேண்டும். அந்தப் படிக்கட்டில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று அவர் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமாம். உதவித்தொகை அலுவலகத்துப் பெண்மணி வருகிறார் என்றால் வீட்டில் ஆளுக்கொரு வேலை. அம்மா சவரப் பொருட்களை எடுத்து ஒளிப்பார். அக்கா படுக்கையைச் சரிசெய்வாள். எட்டு வயதுப் பையனான இவருக்கு அப்பாவின் ஷூ. அதை அழுக்குத்துணிக் கூடைக்குள் தள்ளி மேலே துணியைப் போட வேண்டும். அப்பா வீட்டில் இருந்தால் அலமாரிக்குள் போய் நிற்பார். “அப்பா எங்கே?” என்று யாராவது கேட்டால் “தெரியாது” என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

சொல்லும்போது அவர் வலது கை, மேசைக்கு அடியில் எதையோ அமுக்குவது போலத் தானாக அசைந்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஏன் ஒளிய வேண்டும்? 1935இல் வந்த உதவித்தொகைத் திட்டத்தின் அடிப்படையே அப்படி. அப்பா இறந்திருக்க வேண்டும், இல்லை வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், இல்லை வேலை செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பணம். திடமான ஆம்பளை வீட்டில் இருந்தால், அவருக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, பணம் நின்றுவிடும். வேலையில்லாத தகப்பன் வீட்டில் இருந்தாலும் கொடுக்கலாம் என்று 1961இல் மாநிலங்களுக்கு அனுமதி தந்தார்கள். விருப்பம் இருந்தால் மட்டும். எல்லா மாநிலங்களுக்கும் அது கட்டாயமானது 1990இல்தான்.

அலபாமா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு பெண்ணோடு உறவில் இருக்கும் ஆண் அவள் வீட்டுக்கு வந்து போனாலே, அந்த ஆள்தான் அவள் பிள்ளைகளுக்கு “மாற்றுத் தகப்பன்” என்று சொல்லி உதவியை வெட்டியது. செல்மா நகரில் நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர், விடிகாலை மூன்றரை மணிக்கு வேலைக்குப் போய் வாரம் 16 முதல் 20 டாலர் வரை சம்பாதித்தவர், இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைத் தூக்கி எறிந்தது. அதற்குள் அலபாமாவில் உதவி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை 16,000 குறைந்திருந்தது.

தாளில் பார்த்தால் இந்த விதிகளில் எங்கும் நிறம் இல்லை. வேலையில் கடைசியாகச் சேர்த்து முதலில் அனுப்பப்பட்டவர்கள் யார், வீட்டுக்கடன் மறுக்கப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் அது யார் தலையில் இறங்கியது என்று தெரியும்.

1965இல், அந்தப் பெரியவர் ஷூவை ஒளித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், தொழிலாளர் துறையில் இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று ஆகிவிட்டது, குடும்பம் சிதைகிறது என்று எச்சரித்தார். ஆண்களுக்கு வேலை இல்லாததைப் பற்றியும் அதில் விரிவாக எழுதியிருந்தார். வேலையைப் பற்றிய பகுதியை மறந்துவிட்டார்கள். குடும்பத்தைப் பற்றிய பகுதி சாப்பாட்டு வரிசை வரை வந்துவிட்டது. இன்று வெள்ளையரிடையே அந்தக் கணக்கு நான்கில் ஒன்றுக்கும் மேல். அது கலாசாரச் சீரழிவு என்று பொங்கல் விழாவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கறுப்பினத்தவரிடையே பத்தில் ஏழு. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா கூட இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அந்தப் பாசி கோத்த விரல்களைப் பார்த்த யாரும் மறுக்க முடியாது. அந்த விரல்களை வீட்டில் வைத்துக்கொள்ள என்ன விலை வைத்தோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

விலை உதவித்தொகையோடு முடியவில்லை. 1986இல் ஒரு சட்டம் வந்தது. 5 கிராம் கிராக் கோகெய்ன் (புகைக்கும் கட்டி வடிவக் கோகெய்ன்) விற்றவருக்கும், 500 கிராம் பவுடர் கோகெய்ன் விற்றவருக்கும் ஒரே ஐந்து வருடக் குறைந்தபட்சச் சிறை. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த 100க்கு 1 விகிதத்தைக் குறைக்க 2010 வரை ஆனது, அப்போதும் 18க்கு 1 என்றுதான் வைத்தார்கள். எங்கள் நூலகத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஃபெர்குசனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஊர். 2013இல் மட்டும் அதன் நகர நீதிமன்றம் 9,000க்கும் அதிகமான பிடிவாரண்டுகளைப் பிறப்பித்தது என்று மத்திய அரசின் நீதித் துறை அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் பார்க்கிங், டிராஃபிக் போன்ற சில்லறைக் குற்றங்கள். அபராதம் கட்டக் காசில்லை, வாரண்ட், இரண்டு நாள் லாக்கப், வேலை போச்சு.

நம் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா பதினோரு வருடம் மஸ்கட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். குடும்ப விசா வாங்கும் அளவுக்குச் சம்பளம் கிடையாது. என் தம்பி அவரை ஏர்போர்ட்டில் பார்த்து அம்மா பின்னால் ஒளிந்துகொண்டான். எங்களை யாரும் சிதைந்த குடும்பம் என்று சொல்லவில்லை. “பிள்ளைகளுக்காகக் கஷ்டப்படுறாரு” என்றுதான் தெருவே சொன்னது. அந்த மரியாதைதான் அம்மாவை நிமிர்ந்து நடக்க வைத்தது.

அப்புறம் நான் 2011இல் இங்கே வந்தேன். கணவரின் விசாவோடு மனைவிக்கும் விசா தருவது என்று ஒரு சட்டம் இருந்ததால் வந்தேன். அந்த விசாவில் இருந்த என் போன்றவர்கள் வேலைக்குப் போகலாம் என்று 2015இல் ஒரு விதி வந்ததால் வேலைக்குப் போனேன். இந்தியாவில் இருந்து வருடத்துக்கு 100 பேர் மட்டும் என்று 1946இல் போட்ட வரம்பை 1965இல் எடுத்தார்கள். மொய்னிஹன் அறிக்கை வந்த அதே வருடம். சம உரிமைக்கான போராட்டத்தில் கறுப்பினத்தவர் அடிபட்டுத் திறந்த கதவுகளில் அதுவும் ஒன்று. எங்கள் குடும்பம் ஒன்றாக இருப்பதில் எங்கள் பொறுமைக்குப் பங்கு உண்டு. சட்டத்துக்கும் உண்டு.

செயின்ட் லூயிஸிலேயே லபாடி அவென்யூவில் இருக்கும் 4600ஆம் எண் வீட்டை என் மகளுக்குக் காட்டக் கூட்டிப்போனேன். செங்கல் வீடு, சின்னதுதான். ஷெல்லி என்ற கறுப்பினத் தம்பதி ஆறு பிள்ளைகளோடு 1945இல் இதை வாங்கினார்கள். “நீக்ரோ அல்லது மங்கோலிய இனத்தவர்” குடியிருக்கக் கூடாது என்று 1911இல் எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டி அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1948இல் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. “நாம அதுல எதும்மா?” என்று மகள் கேட்டாள். எதுவாக இருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள் என்றேன்.

அரசாங்கம் நினைத்தால் சீக்கிரமாகவும் மாற்ற முடியும். 2021இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டார்கள். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, அப்பா எங்கே என்ற கேள்வி இல்லை. அந்த வருடம் நாடு முழுக்கக் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நிறுத்தியதும் அடுத்த வருடமே 12.4க்கு ஏறிவிட்டது. புள்ளிவிவரம் வெளிவருவதற்கு முன்பே எங்கள் மேசையில் அது தெரிந்தது. 2022 தொடக்கத்தில் வந்தவர்கள் வழக்கம்போலப் பணம் எத்தனை நாளில் வரும் என்று பதறவில்லை. 2023இல் மறுபடியும் அதே பதற்றம்.

அந்த அண்ணனைப் போன வாரம் கோவிலில் பார்த்தேன். ஷூ கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அலமாரிக்குள்ளேயா நிப்பாரு?” என்று மட்டும் கேட்டார்.

இந்த வருடமும் அந்தக் குடும்பம் வந்தது. மகள் வளர்ந்திருக்கிறாள், பின்னலில் இந்த முறை நீலப் பாசி. பையன் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிவிடாமல் ஒரு கையால் பேனாவைப் பிடித்து, முதல் பக்கத்தில் “திருமணம் ஆகவில்லை” என்ற கட்டத்தில் டிக் அடித்து, தாளை என் பக்கம் நகர்த்தினார்.