செந்தூல்ல செவ்வாய், வியாழன்

ஆறு மாசமா செவ்வாயும் வியாழனும் ராத்திரி எட்டு மணிக்கு நான் கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு கடைவீட்டு மாடியிலதான் இருப்பேன். பாக்ஸிங் ஜிம். சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போறேன். சம்பளம் கிடையாது, ஷா ஆலம்ல வேலைய முடிச்சிட்டு ஃபெடரல் ஹைவே ஜாம்ல வந்து சேரும்போது ஒடம்பு அசந்து போயிருக்கும், ஆனா படி ஏறும்போது மேல ஸ்கிப்பிங் கயிறு தரையில தட்டுற சத்தம் கேட்டா போதும், அசதி எங்க போச்சுன்னே தெரியாது.

எங்க தாத்தா 1975ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல முகமது அலிய நேர்ல பாத்தவரு. ஜோ பக்னரோட 15 ரவுண்டு, அலி பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சாரு. அந்தக் கதைய கேட்டுக் கேட்டு வளந்தவன் நான், யுனிவர்சிட்டியில கொஞ்ச வருசம் பாக்ஸிங் ஆடுனேன், தோள்பட்டை போனதும் நிறுத்திட்டேன். ஜிம் மாஸ்டர் "சின்னப் பசங்களுக்கு ஆள் பத்தல தம்பி, வந்து நில்லுறியா"ன்னு கேட்டப்ப யோசிக்கவே இல்ல, சரின்னுட்டேன். ஆடத் தெரிஞ்சா சொல்லிக்கொடுக்கவும் தெரியும்னு நெனச்சேன்.

மொத நாள் மாஸ்டர் குடுத்த வேலை பசங்களுக்குக் கைக்கட்டு சுத்துறது மட்டும்தான். நாலரை மீட்டர் துணி. கட்டை விரல்ல மாட்டி, மணிக்கட்டுல மூணு சுத்து, விரல் முட்டிமேல மூணு சுத்து, அப்புறம் ஒவ்வொரு விரல் இடுக்குலயும் நுழைச்சு மறுபடி மணிக்கட்டுக்கு வரணும். சுத்தும்போது விரல நல்லா விரிச்சு வைக்கச் சொல்லணும், இல்லன்னா முஷ்டிய மூடும்போது இறுகிப்போயி விரல் மரத்துரும். ஒரு பொண்ணு, பதினோரு வயசு, கை அவ்ளோ சின்னது, சுத்தி முடிச்சும் துணி பாதி மிச்சம். நான் தடுமாறிகிட்டு நிக்கிறேன், அவ பொறுமையா கைய நீட்டிகிட்டே "அண்ணே, மணிக்கட்டுலயே இன்னும் சுத்துங்க"ன்னா. சரியான பதில் அதுதான்.

அந்தப் பொண்ணு இடக்கை வேற. எனக்கு ஜாப், அதாவது முன்கையால நேரா போடுற குத்து, எப்படிப் போடணும்னு ஒடம்புக்குத் தெரியும், வாயால சொல்லத் தெரியல, அதுலயும் அவளுக்கு எல்லாமே தலகீழ், வலது கால் முன்னாடி, வலது கையால ஜாப், எதுத்தாப்ல நிக்கிறவங்க முன்காலுக்கு வெளிப்பக்கமா தன் முன்கால வைக்கணும். ரெண்டு வாரம் வீட்டுக் கண்ணாடி முன்னாடி நானே இடக்கைக்காரனா நின்னு பழகுனேன். அதுக்கப்புறம்தான் அவ கால் எங்க தப்புதுன்னு என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சது.

பேட், அதாவது பசங்க குத்திப் பழக நாம கையில மாட்டிக்கிற மெத்தை, அதப் புடிக்கிறதும் அப்படித்தான். பாக்க ஈஸியா இருக்கும். பேட்ட அகலமா விரிச்சுப் புடிச்சா புள்ளைங்க காத்துல குத்தப் பழகிரும், முகம் இருக்குற எடத்துலயே புடிக்கணும், குத்து வரும்போது கொஞ்சம் முன்னாடி போயி வாங்கணும். பின்னாடி இழுத்துட்டா குத்துறவங்க முழங்கைக்குத்தான் கேடு.

இப்ப எழுதவே கஷ்டமான விசயம். மூணாவது மாசம், ஃபார்ம் 3 படிக்கிற பையன் ஒருத்தன் ஸ்பாரிங், அதாவது இன்னொருத்தனோட ரிங்குல பயிற்சிச் சண்டை, கேட்டு நச்சரிச்சான், மாஸ்டர் இல்லாத நாள், நான் "லேசா போடுங்கடா"ன்னு விட்டுட்டேன். 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்டு எல்லாம் போட்டுதான் இருந்தான். ஒரு வலக்கைக் குத்து நேரா நெத்தியில விழுந்துச்சு, அவன் கீழ விழல, சிரிச்சான், "ஓகே கோச்"ன்னான். ஆனா ஒரு நிமிசம் கழிச்சு "இது எத்தனாவது ரவுண்டு?"ன்னான். சொன்னேன். மறுபடி அதையே கேட்டான். என் வயிறு கலங்கிருச்சு. உடனே நிறுத்தி, அவங்கம்மாவுக்கு போன் போட்டு, நானே கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன், மூளை அதிர்ச்சின்னு டாக்டர் சொன்னாரு. ஹெட்கார்டு காயத்த, வெட்டத் தடுக்கும், ஆனா மண்டைக்குள்ள மூளை குலுங்குறத தடுக்காது. எனக்கு இது தெரியும், தெரிஞ்சும் விட்டேன்.

அவங்கம்மா கிளினிக்குல கேட்டாங்க, "தம்பி, இனிமே தலையில அடி படாதுன்னு சொல்ல முடியுமா?" முடியாதுக்கா, இந்த ஆட்டத்துல படும், ஆனா அவன் தயாராகுற வரைக்கும், மாஸ்டரும் நீங்களும் சரின்னு சொல்ற வரைக்கும் ரிங்குக்குள்ள விடமாட்டேன்னு சொன்னேன். அதுக்கு மேல என்கிட்ட வார்த்த இல்ல. அடுத்த சனி, ஞாயிறே மொதலுதவி கோர்ஸுக்குப் போயிட்டேன், நீங்க யாராச்சும் இப்படிப் போயி நிக்கப் போறீங்கன்னா அத மொத நாளுக்கு முன்னாடியே முடிச்சிட்டுப் போங்க.

அவன் ரெண்டு மாசம் ஆளக் காணோம். போன வியாழக்கிழமை வந்தான். டாக்டர் லேசா ஸ்கிப்பிங் பண்ணலாம்னுட்டாராம், குத்து கிடையாது. ஸ்கிப்பிங் முடிச்சதும் என் கையில இருந்த ஸ்டாப்வாட்ச வாங்கிகிட்டான். மூணு நிமிச ரவுண்டு, ஒரு நிமிச ரெஸ்ட், "பத்து செகண்ட்!"னு அவன் கத்துறது கீழ ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவங்கம்மா படிக்கட்டுல உக்காந்து பாத்துகிட்டே இருந்தாங்க, கடைசி ரவுண்டு வரைக்கும்.