புல்லணையில் படுத்தவன் முன்னால்

தேவிபட்டினத்தில் சங்கல்பம் செய்துவைத்த சாஸ்திரிகள் பெயர், நட்சத்திரமெல்லாம் கேட்டுவிட்டு, "என்ன பிரார்த்தனை?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அத்தைதான், "பிள்ளை வரம் வேணும் சாமி" என்றார்கள். அவர் பார்வை என் பக்கத்தில் நின்ற மகள்மேல் போய்த் திரும்பியது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வயது 33. மூத்தவள் பெண், 12 வயது. அவளுக்கு அடுத்து ஒரு பையன். அவன் பிறந்தது சிசேரியனில். "ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, அப்புறம் என்ன யோசனை?" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் யோசனை எதுவும் இருக்கவில்லை. அதே மேஜையில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, மறைக்கவுமில்லை. தாளை வாசித்துப் பார்த்து நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு 23 வயது.

எட்டு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் அவன் போனான். இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றி என்னால் இவ்வளவுதான் எழுத முடிகிறது.

இந்தப் பயணம் அத்தையின் ஏற்பாடு. வெட்டிவிட்ட கருக்குழாயைத் திரும்பச் சேர்க்கச் சித்திரை கழிந்ததும் எனக்கு ஆபரேஷன் என்று முடிவானபோது, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி திருப்புல்லாணிக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார்கள். பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ராத்திரி அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி ராமநாதபுரத்தில் தங்கினோம். நான், வீட்டுக்காரர், அத்தை, மகள். சனிக்கிழமை விடியும்போது தேவிபட்டினம் கடலில் நின்றோம்.

தேவிபட்டினத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கடலுக்குள் ஒன்பது கற்கள், நவபாஷாணம். இலங்கைக்குப் போகும் முன் ராமர் சனி தோஷம் நீங்க மணலில் பிடித்துவைத்த நவகிரகங்கள் என்பது ஐதீகம். சனிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். நவதானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் சுற்றி வந்தோம். காலடியில் சேறு வழுக்கியது. அத்தையை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர்தான் திண்டாடிப் போனார். அங்கே எனக்கு மனது எதிலும் நிற்கவில்லை. "என்ன பிரார்த்தனை?" என்ற கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தது.

நான் இரண்டு வருடமாகச் சாமியிடம் எதையும் கேட்கவில்லை. விளக்கு ஏற்றுவேன், கும்பிடுவேன், அவ்வளவுதான். கோபம் என்று அத்தை நினைத்தார்கள். கோபம் இல்லை, கூச்சம். போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். நானே அடைத்த வழியை நீ திறந்துவிடு என்று எந்த முகத்தோடு கேட்பது? பிள்ளையே இல்லாமல் வருடக்கணக்காக ஏங்கி வருகிற பெண்களின் வரிசையில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நிற்கலாமா? இதை வீட்டுக்காரரிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். "நீ கேக்க வேண்டாம், நான் கேட்டுக்கறேன்" என்றார். டாக்டர் சொன்ன விந்துப் பரிசோதனைக்கு மறுநாளே, நான் சொல்லாமலே போய்வந்தவர் அவர்.

தேவிபட்டினத்திலிருந்து வேன் பிடித்து, ராமநாதபுரம் வழியாக நேராகச் சேதுக்கரை. திருப்புல்லாணியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் முதலில் சேதுவில் முழுகிவிட்டுத்தான் பெருமாளிடம் போவது வழக்கம். இலங்கைக்கு அணை கட்டத் தொடங்கிய கரை என்பதால் அந்தப் பெயர். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். அன்றைக்கு அலையே இல்லை, கண்மாய் மாதிரிக் கிடந்தது கடல். ஆடி, தை அமாவாசைகளில் கால் வைக்க இடம் இருக்காதாம். நாங்கள் போனபோது தர்ப்பணம் கொடுக்க வந்த நாலைந்து குடும்பங்கள்தான்.

அவர்களில் ஒருவருக்குத் தர்ப்பணம் முடித்துவிட்டு வந்த பெரியவரிடம் நான் போய்க் கேட்டேன். என் பையனுக்கு இங்கே ஏதாவது செய்யலாமா என்று.

"எத்தனை வயசும்மா?"

"எட்டு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சின்னப் பிள்ளைக்குத் தனியா திதி குடுக்கிற வழக்கம் எங்க பக்கம் இல்லம்மா. கடல்ல நின்னு அவன் பேரைச் சொல்லி மூணு முழுக்கு போடுங்க, போதும்" என்றார். தட்சிணை வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று முழுக்குப் போட்டேன். மூன்று தடவையும் பெயரைச் சொன்னேன். இரண்டு வருடமாக வீட்டில் யாரும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னதில்லை. எனக்குப் பின்னால் தண்ணீரில் நின்ற மகளும் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் அத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து நான்கு கிலோமீட்டரில் திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம். மூலவர் ஆதிஜெகநாதப் பெருமாள், தாயார் பத்மாசனி. பிள்ளையில்லாத தசரதன் இங்கே வந்து வேண்டித்தான் பிள்ளைகளைப் பெற்றான் என்கிறது தலபுராணம். அதனால்தான் தம்பதிகள் வந்து நாகப் பிரதிஷ்டை செய்து, பால் பாயசம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அப்படித் தவமிருந்து பிறந்த பிள்ளையே பிறகு மனைவியைத் தொலைத்துவிட்டு இதே ஊருக்கு வந்து நின்றான். அப்பன் கேட்ட இடத்திலேயே மகனும் கேட்டிருக்கிறான். எனக்கு இது கோயிலுக்குள் போகும்போதே மனதில் தைத்தது.

ஆதிஜெகநாதர் இருந்த கோலம், அதாவது உட்கார்ந்த கோலம். தர்ப்பசயன ராமர் கிடந்த கோலம். பட்டாபிராமர் நின்ற கோலம். மூன்று கோலத்தையும் ஒரே கோயிலில் பார்க்கலாம். நான் அதிக நேரம் நின்றது சயன ராமர் சன்னதியில்தான். புல்லை அணையாகப் பரப்பி அதன்மேல் படுத்திருக்கிறான். புல்லணைதான் புல்லாணி ஆயிற்று என்கிறார்கள். பக்கத்தில் சீதை இல்லை. அவளை மீட்கப் போகிற வழியில் படுத்தவன் அல்லவா.

பட்டர் கற்பூரம் காட்டிக்கொண்டே கதையைச் சொன்னார். கடலரசனிடம் வழி கேட்டு மூன்று நாள் இப்படிப் படுத்துக் கிடந்தான் ராமன். கடலரசன் வரவேயில்லை. அப்புறம் வில்லை எடுத்தபோதுதான் வந்தான். வந்தவன் வற்றி வழிவிடவும் இல்லை. ஆழமாக இருப்பது என் இயல்பு, அதை விட முடியாது, உன் கூட்டத்தில் நளன் இருக்கிறான், அவன் அணை கட்டட்டும், நான் தாங்கிக்கொள்கிறேன் என்றான். ஐந்து நாள் கட்டினார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ராமனுக்கே கடல் பிளந்து வழிவிடவில்லை. கல்லைத் தூக்கிப் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கட்டிக்கொண்டுதான் போனான். மூன்று நாள் புல்லில் கிடந்ததும் வீணில்லை, ஐந்து நாள் கல் சுமந்ததும் வீணில்லை.

எனக்கு டாக்டர் அம்மா தாளில் வரைந்து காட்டியது அப்படியே கண்முன் வந்தது. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு குழாய். குடும்பக்கட்டுப்பாட்டில் அதன் நடுவில் முடிச்சுப் போட்டு, ஒரு துண்டை வெட்டி எடுத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் இரண்டு முனையையும் அடைப்பு நீக்கி, மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் சேர்த்துத் தைப்பதுதான் ரீகேனலைசேஷன். சேர்த்த பிறகு குழாயின் நீளம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. எப்படி வெட்டினார்கள், எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வரச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே வயது. "முப்பத்தஞ்சு தாண்டினா வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும், தள்ளிப்போடாதீங்க" என்றார். குழாயே தேவைப்படாத டெஸ்ட் டியூப் வழியும் இருக்கிறது என்று அதன் செலவோடு சொன்னார். ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். தைத்த குழாயில் கரு அங்கேயே தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அது உயிருக்கே உலை வைக்கும். நாள் தள்ளிப்போனால் சந்தோஷத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடாமல் உடனே வந்து ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். இதே நிலையில் இருக்கிற தாய்மார்கள் யாராவது இதை வாசித்தால், இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, சன்னதியில் என்ன கேட்டேன் என்று சொல்கிறேன். பிள்ளை கொடு என்று அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. "தைக்கிற கைக்குத் துணை நில்லு" என்று கேட்டேன். அதைக் கேட்கக் கூச்சம் இருக்கவில்லை.

கோயிலில் அரசமரத்தடி முழுக்க நாகர் சிலைகள். அடுக்கடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மஞ்சளும் குங்குமமும் பூசியபடி. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் ஏக்கம். நாங்கள் பிரதிஷ்டை செய்த கல்லை வீட்டுக்காரர்தான் தூக்கிவந்து வைத்தார். பாலை ஊற்றும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். சேதுக்கரையில் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. அங்கே, கல்லுக்கு முன்னால், முணுமுணுத்தார்.

மரத்தடியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்து நேர்த்திக்கடன் செலுத்த நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். "எந்த ஊரு தாயி?" என்று பேச்சுக் கொடுத்தவரிடம் அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தங்கை 2004 சுனாமியில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவராம். அவருக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் அப்படிப் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்குக் குழாயைச் சேர்க்கும் ஆபரேஷனை அரசாங்கமே இலவசமாகச் செய்து கொடுத்தது. தங்கைக்கும் செய்தார்கள், ஒரு பெண் பிறந்தாள். "அவ கூடவே செஞ்சுக்கிட்டவளுகள்ல தங்காமப் போனவளும் உண்டு தாயி. மறைக்கக் கூடாதுல்ல" என்றார். அந்த ஊரில் என்னைப்போல் எத்தனை பேர், ஒரே வருடத்தில். இந்த ராமநாதபுரம் கரைக்கு இலங்கை மறைவாக நின்றது, அங்கே எதுவும் மறைக்கவில்லை. மறக்காமல் தங்கையின் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு நமஸ்காரம் செய்தேன்.

பால் பாயசம் வாங்கிக் கோயிலிலேயே உட்கார்ந்து குடித்தோம். மாமாவுக்குக் கொஞ்சம் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார்கள் அத்தை. மகளுக்கும் கொடுக்கலாமா, தம்பதிதான் சாப்பிட வேண்டுமா என்று ஒரு பேச்சு வந்தது. "அவளுக்கு இல்லாம எனக்கு எதுக்கு?" என்றேன். பட்டரே சிரித்தபடி அவள் கையில் ஒரு தொன்னை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. மறுநாள் 22 தீர்த்தமும் ஆடி, ராமநாதசுவாமி தரிசனம். எல்லாம் நிறைவாக நடந்தது. அத்தைக்கு நடை தளர்ந்ததால் தனுஷ்கோடிக்குப் போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, ஆபரேஷன் அன்னிக்கு என்னை சித்தி வீட்ல விடாதீங்க."

தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் அவளைச் சித்தி வீட்டில்தான் விட்டிருந்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிவந்தோம். இதை இத்தனை நாள் அவள் சொன்னதே இல்லை.

"விடமாட்டேன். நீ என்கூடத்தான் இருக்கணும்."

"வாசல்ல இல்ல. உள்ள."

"ஆபரேஷன் ரூமுக்குள்ள விடமாட்டாங்கடா. முழிச்சதும் முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்."

"ஸ்கூல் லீவுலதானே?"

"மே மாசம். லீவுலதான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முன்சீட்டில் தூங்கிவிழுந்துகொண்டிருந்த அவள் அப்பத்தாவின் கையிலிருந்து தூக்குவாளியை மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்து, ஊர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.