விஸ்கான்சினில் பால் கறந்தது யார்?

விஸ்கான்சின் மாநிலக் கார்களின் நம்பர் பிளேட்டில் 1940 முதல் 'அமெரிக்காவின் பால் நாடு' என்று பொறித்து வருகிறார்கள். அதைப் பார்ப்பவர்களுக்கு, இங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் கப்பலை விட்டு இறங்கும்போதே கையில் மாட்டுக் கயிற்றோடு இறங்கியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் அவர்கள் கோதுமை விதைக்க வந்தவர்கள். மாட்டிடம் போனது வேறு வழியில்லாமல்தான்.

மில்வாக்கியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஈகிள் என்ற சிற்றூருக்குப் போனேன். அங்கே 'ஓல்டு வேர்ல்டு விஸ்கான்சின்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் 1976இல் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் பல மூலைகளில் பாழடைந்து கிடந்த குடியேறிகளின் வீடுகளையும் தொழுவங்களையும் பிரித்துக் கொண்டுவந்து, காட்டுக்கு நடுவே பழையபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நார்வே, டென்மார்க், பின்லாந்து என்று ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரு பகுதி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது வீண். நான் ஜெர்மானியர் பகுதியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஷுல்ட்ஸ் குடும்பத்தின் வீடு என்னை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டது. பால்டிக் கடலோரத்தில் இருந்த பொமரேனியாவிலிருந்து வந்து, 1856இல் கட்டிய வீடு. கனத்த மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளிகளைக் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்திருக்கிறார்கள். வீட்டின் நடுவில் கறுப்புச் சமையலறை. அது அறையா, புகைபோக்கியா என்று சொல்வது கடினம். ஆள் உள்ளே நின்று சமைக்கும் அளவுக்கு அகன்ற புகைபோக்கி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே இறைச்சியைத் தொங்கவிட்டு அந்தப் புகையிலேயே பதப்படுத்திக்கொள்வார்கள். சுவரெல்லாம் புகை படிந்து எங்கள் பாட்டி வீட்டு அடுக்களை போலப் பளபளத்தது.

பொமரேனியாவில் நல்ல நிலமெல்லாம் பெரும் பண்ணையார்கள் கையில் இருந்தது. அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய மன்னர் புராட்டஸ்டன்ட் திருச்சபைகளை ஒன்றாக்கியதை ஏற்காத பழைய லூத்தரன் பிரிவினர் 1839இலேயே கிளம்பி வந்து, மில்வாக்கிக்கு வடக்கே பிரைஸ்டாட் என்ற ஊரை அமைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோரை இழுத்தது மதம் அல்ல, நிலம். காடு வெட்டி, வேர் பிடுங்கி, கோதுமை போட்டார்கள். 1860இல் அமெரிக்க மாநிலங்களிலேயே கோதுமை விளைச்சலில் விஸ்கான்சின் இரண்டாம் இடத்தில் இருந்தது.

அந்த வீட்டில் பசு இல்லாமல் இல்லை. ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் அது அடுக்களையைச் சேர்ந்த சமாச்சாரம். கறப்பது, ஆடை எடுப்பது, கடைவது, உப்புப் போட்டு வெண்ணெயை அடைத்துவைப்பது எல்லாம் பெண்கள் பாடு. மிஞ்சிய வெண்ணெயைக் கடையில் கொடுத்துச் சர்க்கரையும் காப்பிக்கொட்டையும் வாங்கிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் நல்ல தீனி கிடையாது. பசுவும் பால் வற்றிப்போய் வைக்கோலைத் தின்றுகொண்டு நிற்கும். அந்தக் காலத்து உடையில் இருந்த வழிகாட்டிப் பெண்மணி கடைகலத்தைச் சுற்றி நின்ற சிறுவர்களைக் கூப்பிட்டுக் கடையச் சொன்னார். மூன்று நிமிடத்தில் எல்லோருக்கும் கை வலித்தது.

பிறகு கோதுமை கைவிட்டது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டதில் மண் சத்திழந்தது. சிஞ்ச் என்ற சாறுறிஞ்சிப் பூச்சி வயல் வயலாக அழித்தது. மேற்கே புதுநிலங்களின் கோதுமை ரயிலில் வந்து விலையையும் இறக்கியது. விற்றுவிட்டு இன்னும் மேற்கே போனவர்கள் உண்டு. ஜெர்மானியர்கள் பெரும்பாலும் போகவில்லை. சர்ச்சைச் சுற்றிச் சொந்தபந்தங்களோடு வேர்விட்டவர்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நிலம் வாங்கிக் கொடுக்க நினைத்தவர்கள். இருந்த இடத்திலேயே பிழைக்க வழி தேடினார்கள்.

வழி சொன்னவர் ஜெர்மானியர் அல்லர். நியூயார்க் மாநிலத்தில் பிறந்த வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்டு, பத்திரிகைக்காரர். 1872இல் சிலரோடு சேர்ந்து பால் உற்பத்தியாளர் சங்கம் தொடங்கினார். 1885இல் பால் பண்ணையாளர்களுக்கென்றே ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். தொழுவம் தாய்மார்களின் இல்லம், ஒவ்வொரு பசுவையும் தாயைப் போல நடத்துங்கள் என்று அவர் எழுதிய அறிவிப்பு புகழ் பெற்றது. அந்தத் தாயைக் கறக்க விடியுமுன் எழுந்த தாய்மார்களுக்கு அப்படி எந்த அறிவிப்பும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

ஹோர்டின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. 1889இல் அவர் மாநில ஆளுநரானார். அந்த ஆண்டே பென்னட் சட்டம் வந்தது. எல்லாப் பள்ளிகளும் முக்கியப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்றது. சர்ச் பள்ளிகளில் ஜெர்மனில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் கொதித்துப்போனார்கள். வழக்கமாக ஒருவரையொருவர் நம்பாத லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் இதில் ஒன்றுசேர்ந்தார்கள். 1890 தேர்தலில் ஹோர்டு தோற்றார். மறு ஆண்டே சட்டமும் ரத்தானது. அவர் சொன்னபடி மாடு வளர்ப்போம், அவர் சொன்ன மொழியில் பிள்ளையை வளர்க்க மாட்டோம் என்பது அவர்கள் கணக்கு. மொழிக்காக ஆட்சி கவிழ்வதைக் கண்ட ஊரிலிருந்து வந்த எனக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

அதே 1890இல் மாடிசன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்காக் பாலின் கொழுப்பை அளக்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தார். சிறு கண்ணாடிக் குப்பியில் பால், அதில் கந்தக அமிலம், ஒரு சுழற்று, அவ்வளவுதான். அதுவரை எடைக்குத்தான் காசு. ஆடையை எடுத்துவிட்டு ஊற்றியவருக்கும் தண்ணீர் கலந்தவருக்கும் நேர்மையாக ஊற்றியவருக்கும் ஒரே விலை. பாப்காக் அதற்குக் காப்புரிமை வாங்க மறுத்துவிட்டார். பால் சங்க வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த மனிதரின் அருமை புரியும்.

குதிரை வண்டி காலையில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்றாகச் சீஸ் ஆலைகள் முளைத்தன. 1920களின் தொடக்கத்தில் மாநிலத்தில் 2,800க்கும் மேற்பட்டவை இருந்தன. பால் அடுக்களையை விட்டு வெளியே வந்து காசானதும் ஆண்களும் தொழுவத்துக்கு வந்தார்கள். பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைக்கும் சைலோ கோபுரங்கள் வந்தபின் குளிர்காலத்திலும் கறவை நிற்கவில்லை. அதாவது ஓய்வும் போயிற்று. கோதுமைக்காரனுக்குப் பனிக்காலம் என்று ஒன்று இருந்தது. மாட்டுக்காரனுக்கு ஞாயிறும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகள் கறந்தார்கள், வந்தபின் மறுபடி கறந்தார்கள். குடும்பத்தினர் உழைப்பு கூலிக் கணக்கில் வராது என்பதால்தான் இந்தத் தொழிலே நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

அருங்காட்சியகம் இந்தக் கதையை இனிமையாகச் சொல்கிறது. சற்று அதிகமாகவே இனிமையாக. 1933இல் பால் விலை அடிமட்டத்துக்குப் போனபோது இதே மாநிலத்தில் பண்ணையாளர்கள் மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தார்கள். சாலையை மறித்துப் பாலைக் கொட்டினார்கள். துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிய காவற்படை அவர்களை விரட்டியது. ஈகிள் இருக்கும் வாக்கெஷா மாவட்டத்திலும் அது நடந்தது. நான் நடந்த வழியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு நிஜப் பண்ணைக்குப் போனேன். ஜூன் மாதம் இங்கே பால் மாதம். மாவட்டத்துக்கு மாவட்டம் ஏதாவது ஒரு பண்ணையில் ஊரையே கூப்பிட்டுக் காலை உணவு போடுகிறார்கள். அப்பம், முட்டை, பன்றி இறைச்சி சாசேஜ், கடித்தால் பல்லில் கீச்சென்று கத்தும் புதுச் சீஸ் துண்டுகள், வேண்டுமளவு பால். குழந்தைகளை டிராக்டர் வண்டியில் ஏற்றி வயலைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பண்ணைக்காரப் பெரியவரின் முன்னோரும் பொமரேனியாக்காரர்கள். தன் தாத்தா வீட்டில் கீழ்ஜெர்மன் என்ற வடஜெர்மானிய வட்டாரப் பேச்சுதான் என்றார்; இவருக்கு அதில் வசவுகள் மட்டும் நினைவிருக்கின்றன.

கறவைக் கூடத்தைக் கண்ணாடி வழியே பார்த்தோம். கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாடுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றன. மடியைத் துடைத்து, காம்பில் கருவியை மாட்டிவிட்டு, அடுத்த மாட்டுக்கு நகர்கிறார்கள். வேலை செய்த இளைஞர்கள் மெக்சிகோக்காரர்கள். வானொலியில் ஸ்பானியப் பாட்டு. "என் பிள்ளைகள் யாரும் வரவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் நாளைக்கே மாட்டை விற்க வேண்டியதுதான்" என்றார் பெரியவர்.

மாநிலம் முழுவதும் இதே நிலைமைதான். 2004இல் சுமார் 16,000 பால் பண்ணைகள் இருந்தன; இன்று 6,000க்கும் குறைவு. மாடுகள் அதே அளவில் இருக்கின்றன, பண்ணைகள்தான் பெரிதாகிவிட்டன. விவசாயக் கூலிகளுக்கான அமெரிக்க விசா பருவ வேலைகளுக்கு மட்டும். மாடோ வருடம் முழுவதும் கறக்கிறது. ஆகவே கறப்பவர்களில் பலரிடம் தாள்கள் இல்லை. தாள் இல்லாதவர்களுக்கு 2007 முதல் இம்மாநிலம் ஓட்டுநர் உரிமமும் தருவதில்லை. பக்கத்துக் கடை பத்து மைலில் இருக்கும் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இளைஞர்களை வாரம் ஒருமுறை கடைக்குக் கூட்டிப்போவது தன் மனைவிதான் என்றார் அவர். அப்பத்துக்கு வரிசையில் நின்ற கூட்டத்தில் அவர்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அது அவர்களுக்கு வேலை நேரம்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஈகிள் அருங்காட்சியகம் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், நடை அதிகம், நல்ல செருப்பு வேண்டும். பண்ணைக் காலை உணவுக்கு ஜூன் சனி, ஞாயிறுகளில் ஏழு மணிக்கே போய்விடுங்கள். சைவக்காரர்கள் சாசேஜ் வேண்டாம் என்றால் அதற்குப் பதில் இன்னும் இரண்டு அப்பம் வைக்கிறார்கள்.