மார்கழித் தேங்காய் எண்ணெயும் பார்மர் கச்சாவும்

ராஜஸ்தான் பார்மரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கச்சா எண்ணெய் என்றால் தண்ணீர் மாதிரி ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்குள்ள மங்களா எண்ணெய் வயலில் எடுத்த கச்சாவை ஒரு பாட்டிலில் மாதிரிக்குக் கொடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயேதான். அவ்வளவு மெழுகு.

பாறைக்குள் சூடு இருப்பதால் கீழே இளகித்தான் இருக்கும். மேலே ஏற ஏற ஆறி, குழாய்ச் சுவரில் மெழுகு படியும். இதே தொல்லைக்காகத்தான், அங்கிருந்து குஜராத் போகும் சுமார் 670 கிலோமீட்டர் குழாயை மின்சாரத்தால் சூடாகவே வைத்திருக்கிறார்கள்.

பிறகு வேறொரு எண்ணெய் வயலில், கிணற்றுக்குள்ளேயே ஹீட்டர் கேபிள் இறக்கினோம். டியூபிங், அதாவது எண்ணெய் மேலே வரும் குழாய், ஒவ்வொரு துண்டாக இறங்கும்போது பக்கத்தில் கேபிளை வைத்துக் கிளாம்ப் போட வேண்டும். எங்கோ ஒரு கிளாம்ப் கேபிளை நசுக்கிவிட்டது. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியில் பார்த்தால் இன்சுலேஷன் பூஜ்யம். அப்புறம் என்ன, மொத்தத்தையும் திரும்ப உருவினோம்.

கிணற்றின் அடிவரை சூடாக்குவது வீண் என்பேன். மெழுகு படியும் ஆழம் வரை போதும்; கரண்ட் பில்லும் குறையும்.

இரண்டாம் முறை ஒவ்வொரு கிளாம்புக்கும் மெக்கர் வைத்தேன். குழாய் இறக்கும் ரிக் ஆட்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.