கடைசி மூன்று கிலோ

எனக்கு இப்போது 62 வயது. உயரம் 154 சென்ரிமீற்றர். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் எனது நிறை 70 கிலோவாக இருந்தது. முழங்கால் வலிக்காகக் கிளினிக்குக்குப் போனபோது, முதலில் 60-க்குக் கீழே இறங்குங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னார். பத்து மாதங்களில் 62 வரை இறங்கினேன். அதன் பிறகு ஏழு மாதங்களாகத் தராசின் முள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. 59-க்கு வந்தால் உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 25-க்குச் சற்றுக் கீழே வரும். ஆசிய மக்கள் 23-லிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கின்படி நான் 54 கிலோவுக்குப் போக வேண்டும். இந்த வயதில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதில் வைத்தியருக்கும் எனக்கும் ஒரே எண்ணம்தான். ஆனால் இந்த மூன்று கிலோவை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

காரணம் முழங்கால். நிறையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று, முழங்கால் தேய்வுள்ள முதியவர்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் மூன்று கிலோ என்பது அடிக்குப் பன்னிரண்டு கிலோ. வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்குக்குக் கதவு திறந்தால், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும் வரைக்கும் பெண்கள் மணலில் பாய் விரித்து இருந்து கண்ணகி கதை ஏடு படிப்பதைக் கேட்போம். சிறு வயதில் பெத்தாவின் (பாட்டியின்) மடியில் கிடந்து கேட்ட அந்த இடத்தில், கடந்த இரண்டு வருடங்களாக நான் மதிலோரம் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருக்கிறேன். நிலத்தில் இருக்கலாம், எழும்பத்தான் முடியாது. எனக்கு அந்தப் பாய் வேண்டும்.

முதல் எட்டுக் கிலோ இறங்கிய கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாளுக்கு ஐந்து கோப்பை பால்தேத்தண்ணீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றிருந்ததை நிறுத்தினேன். அதிலேயே ஏறக்குறைய 200 கலோரி குறைந்தது. பின்னேரத்து விசுக்கோத்தை நிறுத்தினேன். காலை ஐந்தரைக்கு, வெயில் ஏறுமுன், மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடிப் பழைய பாலம் வரை நடந்து, தூண்டில் போடுகிறவர்களைத் தாண்டி அக்கரை போய்த் திரும்பி வந்தேன்.

அதே நடை, அதே சாப்பாடு, பிறகு ஏன் நின்றுபோனது? நான் ஏமாற்றுகிறேனோ என்று என்னையே சந்தேகித்த நாட்கள் உண்டு. தைரொயிட் பரிசோதனையும் செய்து பார்த்தேன், குறை இல்லை. விளக்கம் பிறகுதான் பிடிபட்டது. 70 கிலோ உடம்பு கேட்கும் சக்தியை 62 கிலோ உடம்பு கேட்பதில்லை. முன்பு எட்டுக் கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தவள், இப்போது வெறுங்கையோடு கடக்கிறேன். தூரம் ஒன்றுதான், செலவு குறைவு. ஆரம்பத்தில் நிறையை இறக்கிய சாப்பாடே இப்போது நிறையைப் பிடித்து வைத்திருக்கும் சாப்பாடாகிவிட்டது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரஜன் குறைவதால் கொழுப்பு இடுப்பையும் வயிற்றையும் தேடிப் போகிறது. வயதோடு தசையும் தேய்கிறது. தசை தேய்ந்த உடம்பு சும்மா இருக்கும்போது எரிப்பதும் குறைவு.

இது தெரியாத காலத்தில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டை முற்றாக நிறுத்தினேன். ஏழு வாரம் பிளேன்ரீயோடு படுத்தேன். 61-க்கு வந்தது. தலை வாரும்போது சீப்போடு வந்த முடியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு விடியற்காலை பாலத்தின் நடுவில் தலை சுற்றி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் பிடிக்க வந்த ஒரு தம்பிதான் தண்ணீர் தந்து, ஓட்டோ பிடித்து அனுப்பினார். திரும்பவும் சாப்பிடத் தொடங்கிய ஒரு மாதத்தில் 62.5.

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் என்னைத் தராசில் ஏறச் சொல்லவில்லை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழும்பித் திரும்ப இருக்க முடியும் என்று பார்த்தார். ஒன்பது. என் வயதுப் பெண்கள் குறைந்தது பன்னிரண்டு தடவையாவது எழும்ப வேண்டும் என்றார். பட்டினி கிடந்து நான் இழந்ததில் கொழுப்போடு தொடைத் தசையும் போயிருக்கிறது, முழங்காலைத் தாங்க வேண்டிய தசையைத்தான் நான் கரைத்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து கணக்கை மாற்றினேன். எங்கள் வயதில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள்; எனக்கு 62 கிராம். நான் சாப்பிட்டது அதில் பாதியளவுதான், ஏனென்றால் மீன் துண்டுகளை மற்றவர்களின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது நாற்பது வருடப் பழக்கம். இதை வாசிக்கும் அக்காமாரில் எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது காலையில் முட்டை, மத்தியானம் கீரி மீனோ சூரையோ 100 கிராமுக்குக் குறையாமல், இரவில் அவித்த பயறு அல்லது கௌபி. எனது துண்டை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறேன். முதல் சில நாட்கள் களவெடுப்பது போல மனம் கூசியது.

புரதத்தைக் கூட்டினால் வேறொன்றைக் குறைக்க வேண்டும். அது எதுவென்று அறிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சமையல் தராசை இரவல் வாங்கி, நான் துருவிய தேங்காய்ப்பூவை நிறுத்தேன். பிட்டுக்கு ஒரு பாதி, சொதிக்கு மறு பாதி, சம்பலுக்கு இன்னொரு காயில் கால்வாசி. என் கணவர், மச்சாள், நான் என்று மூன்று பேருக்கான காலைச் சாப்பாட்டில் 390 கிராம் தேங்காய்ப்பூ. நூறு கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. பால் பிழிந்த சக்கையைக் கழித்தாலும் எனது பங்குக்கு 300-க்கு மேல் வருகிறது. தராசுத் தட்டில் வெள்ளையாகக் குவிந்திருந்த அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதைக் குறைப்பது எனக்குச் சீனியை விடுவது போல இலகுவாக இருக்கவில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு 15 வயது. விடிந்து பார்த்தபோது எங்கள் வளவில் இரண்டே தென்னைகள் நின்றன. மற்றவை எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தன. அதன் பிறகு பல காலம் அம்மா அரிசி கழுவிய தண்ணீரில் சொதி வைத்தார். வைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், “மறுகா காய்க்கட்டும் மகள், கறிக்கொரு தேங்காய் போடுவன்” என்பார். மரங்கள் காய்த்தன; அம்மாவும் சொன்னபடியே போட்டார்; நானும் அதே கையளவில்தான் சமைத்து வந்திருக்கிறேன். ஆகவே தேங்காயை நான் விட்டுவிடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றிலே மட்டும் என்று வைத்துக்கொண்டேன்: பிட்டில் தேங்காய்ப்பூ இருந்தால் சொதி இல்லை, மீன் புளிக்குழம்பு, சொதி வைத்த இரவில் இடியப்பத்துக்குச் சம்பல் இல்லை.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. மூன்று கிலோவுக்கு 23,100. நாளுக்கு 100 கலோரி குறைத்தால் 231 நாட்கள், எட்டு மாதத்துக்குக் கிட்ட. இந்தக் கணக்கைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்கு ஆறுதல் வந்தது. நான் வாரக் கணக்கில் எதிர்பார்த்துக் கொண்டிருந்தது மாதக் கணக்கில் நடக்க வேண்டிய வேலை. கருவாட்டுக் கறி சாப்பிட்ட மறுநாள் முள் ஒரு கிலோ ஏறினாலும் இப்போது கலங்குவதில்லை. உப்பு பிடித்து வைத்த தண்ணீர் அது. புதன்கிழமைகளில் மட்டும் ஏறிப் பார்க்கிறேன்.

தராசை விடக் கடினமாக இருப்பது சனங்களின் அன்பு. “என்ன கா, ஏதும் வருத்தமா? முகமெல்லாம் வத்திப் போச்சே” என்று சந்தையிலும் சடங்கு வீட்டிலும் கேட்கிறார்கள். பட்டினியையும் இடம்பெயர்வையும் கண்ட ஊரில் மெலிவு என்றால் நோயும் கவலையும்தான். அவர்கள் கேட்பதில் பிழை இல்லை. மச்சாள் மட்டும் இப்போது கேட்பதில்லை. கதிரையில் நான் எழும்பி இருப்பதை எண்ணிச் சொல்பவர் அவர்தான்.

ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்தபடி, கிழமைக்கு மூன்று நாள், பத்துப் பத்தாக மூன்று தடவை எழும்பி இருக்கிறேன். அரிசி இல்லாமல் 30 விநாடியில் இப்போது பதின்மூன்று. போன புதன்கிழமை நிறை 60.8. வைகாசிக் கதவு திறக்க இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது. அதற்குள் 59 வராது, கணக்கு அப்படிச் சொல்கிறது. நேற்று மாலை மச்சாள் முற்றத்தில் பாயை விரித்தார். இருந்தேன். எழும்பும்போது ஒரு கையை நிலத்தில் ஊன்ற வேண்டியிருந்தது. மற்றக் கையை அவர் பிடிக்க வந்தார், வேண்டாம் என்றேன்.